வீரமுத்து பேசிய அரை மணி

"அந்தக் கிண்ணத்தைக் கீழ வைடி!"

கஞ்சியை ஊதி ஆற்றிக்கொண்டிருந்த செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். மாமியார் காசியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். குளித்த தலையைக்கூடத் துவட்டாமல் வந்திருக்கிறாள். நெற்றி விபூதி ஈரத்தில் கரைந்து மூக்கு நுனி வரை இறங்கியிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் செவ்வந்திக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"அத்தை... மணி எட்டாவப் போவுது. நேத்தும் சரியா சாப்புடல அவரு..."

"சாப்புடாததே நல்லது! நீ ஊட்டற சோத்தத் தின்னுதான் எம்புள்ள கட்டையா கெடக்கறான். இனிமே ஒங்கையால ஒரு மொடக்கு தண்ணிகூட அவன் வாயில போவக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்!"

காசியம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பாதிக் கஞ்சி கட்டிலில் கிடந்த வீரமுத்துவின் போர்வையில் கொட்டியது. அவன் அதை உணர்ந்தானா இல்லையா, யாருக்குத் தெரியும்? வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கை அசையும். ஆனால் கரண்டியை எடுத்தால் அதை வாய்க்குக் கொண்டுபோகும் வழி அந்தக் கைக்கு மறந்துபோயிருந்தது. பேச்சு அடியோடு இல்லை. கண்கள் மட்டும் அம்மாவிடமிருந்து பெண்டாட்டிக்கும், பெண்டாட்டியிடமிருந்து அம்மாவுக்கும் போய்ப் போய் வந்தன.

செவ்வந்தி முந்தானையால் போர்வையைத் துடைத்தாள். அழவில்லை. இரண்டு மாதமாக அழுததில் கண்ணீருக்கே அலுத்துப் போயிருக்க வேண்டும்.

இரண்டு மாதம்! புரட்டாசி பிறந்த அன்றைக்குத்தான் மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் எந்த வண்டியும் ஓடக் கூடாது என்று பேச்சு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் கல்வராயன் மலை வரைக்கும் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன. அப்படிச் சாய்ந்த மரங்களில் ஒன்றின் கிளைதான் வீரமுத்துவின் மண்டையில் விழுந்தது.

"மறியல் நடக்கறப்ப ரோட்டுக்கு எதுக்குடா போனான்?" என்று காசியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு கேட்டபோது, செவ்வந்திதான் முன்னால் வந்து சொன்னாள்.

"நான்தாங்க அத்தை அனுப்பினேன். எங்கப்பாவுக்கு முடியலன்னு ஆளு வந்து சொல்லிச்சு. கச்சிராயபாளையம் போயி பாத்துட்டு வாங்கன்னு நான்தான்..."

அது பச்சைப் பொய். அவள் அப்பா அன்றைக்குக் குண்டுக்கல்லாட்டம் கடையில் உட்கார்ந்து கடுக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். உண்மை வேறு. மரத்தை வெட்டிய கூட்டத்தில் வீரமுத்துவின் தம்பி செல்லமுத்து இருந்தான். வேடிக்கை பார்க்க அல்ல, கோடாலி பிடிக்க. தம்பியை வீட்டுக்கு இழுத்து வரப் போன அண்ணன்தான், தம்பி வெட்டிய மரத்துக்கு அடியில் விழுந்தான்.

அண்ணனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்த செல்லமுத்து, மாட்டுக் கொட்டகையில் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டு கதறினான். "அண்ணி, நான் வெட்டின மரம் அண்ணி! அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுர வுட்டுடும். மரம் வெட்டினவன் பேரையெல்லாம் போலீஸ் எழுதிகினு போவுது. எனக்கு இண்டர்வியூ கார்டு வந்து பத்து நாள்கூட ஆவல..."

செவ்வந்தி இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது செல்லமுத்துவுக்குப் பதினோரு வயசு. காதில் சீழ் வடிய, சட்டைக்குப் பொத்தான் இல்லாமல் திரிந்த பிள்ளை. அவளுக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தங்காத பிள்ளைக்கு வைத்திருந்த அன்பையெல்லாம் இந்தக் கொழுந்தன் மேல் கொட்டி வளர்த்தாள். அத்தையின் ஒரு பிள்ளை கட்டிலில் கிடக்கிறது, இன்னொரு பிள்ளை ஜெயிலில் கிடக்க வேண்டுமா என்று நினைத்தாள். அந்த நினைப்பில் சொன்ன பொய் அது. சொன்ன பிறகு அவளுக்குக் கிடைத்த பெயர் 'புருஷனைத் தின்னவள்'. அதையும் சுமந்துவிட்டாள்.

ஆனால் இப்போது கஞ்சிக் கிண்ணத்தைப் பிடுங்கியது அந்தப் பொய்யால் அல்ல. அதற்குக் காரணம் ஓர் ஊசி.

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்கே ஜெயப்பிரகாஷ் என்று ஓர் இளம் டாக்டர். போன வாரம் வீரமுத்துவைப் பார்த்துவிட்டு, நகத்தைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்.

"ஒரு மருந்து இருக்கும்மா. நலோக்சோன்னு பேரு. ஆபரேஷன்ல மயக்கம் ஜாஸ்தியாகிப் போனவங்கள எழுப்பறதுக்கு வெச்சிருப்போம். தலையில அடிபட்டவங்களுக்கும் போட்டுப் பாக்கறாங்க. சில பேரு கை கால் அசைச்சாங்க, பேசினாங்கன்னு படிச்சிருக்கேன். ஆனா அரை மணி, முக்கா மணிதான். எல்லாருக்கும் கேக்கும்னும் இல்ல. எங்கிட்ட ரெண்டே ரெண்டு ஊசி இருக்குது."

"போடுங்க," என்றாள் செவ்வந்தி. யோசிக்கவே இல்லை.

ஊசி ஏறி மூன்று நிமிஷம் இருக்கும். வீரமுத்துவின் வலது கட்டைவிரல் துடித்தது. கோணியிருந்த வாய் மெல்ல நேரானது. இரண்டு மாதமாகக் கேட்காத அந்தக் குரல், கொஞ்சம் கரகரப்பாக, தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி கேட்டது.

"செவ்வந்தி... இன்னா மணி? மாட்டப் புடிச்சுக் கட்டினியா?"

அவனுக்கு அது இன்னும் மறியல் நாளாகவே இருந்தது. ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்து மழை வரும் என்றான். இடுப்பு வலிக்கிறது என்றான். செவ்வந்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டு 'உம், உம்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அந்தக் குரல் கலைந்துவிடுமோ என்று பயந்தாள். அரை மணி கழித்து, பேசிக்கொண்டே இருந்தவன் தேய்ந்து தேய்ந்து அடங்கிப்போனான். கட்டைவிரல் பழையபடி மடங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் எங்கே திரும்பினாலும் அந்தக் குரல். அடுப்பில் விறகைத் தள்ளினால் 'இன்னா மணி?' என்று கேட்கும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால், அவன் கட்டிலில் வாய் கோணிப் படுத்திருப்பான்... கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காசியம்மாளுக்கும் அந்த வாரம் தூக்கம் போயிற்று. ஆனால் அவளைப் பிடித்து ஆட்டியது மகனின் குரல் அல்ல. ஊசி போட்ட கையோடு டாக்டர் சொன்ன விளக்கம்.

"மண்டையில அடிபட்டா, வலி தெரியாம இருக்கறதுக்கு ஒடம்பு தானாவே அபின் மாதிரி ஒரு சரக்கு சுரக்கும்மா. அது பக்கத்துல உசுரோட இருக்கற நரம்பையும் சேத்துத் தூங்க வெச்சிடுது. இந்த ஊசி அபின் உக்கார்ற எடத்துல போயி உக்காந்துக்கும். நரம்பு முழிச்சிக்கும். ஊசி வேகம் தீந்ததும் அபின் மறுபடியும் வந்து உக்காந்துக்கும்."

டாக்டர் சொன்னதை அவள் ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். புத்தி இல்லாதவள் அல்ல காசியம்மாள். அவள் புத்தி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். எந்த உடம்பாவது தானாக அபின் சுரக்குமா? அவள் அறுபது வருஷம் பார்த்த உலகத்தில் மாடு பால் சுரக்கும், மண் தண்ணீர் சுரக்கும். அபின் என்றால் யாரோ கொடுத்தால்தான் உண்டு. மகனுக்கு வேளாவேளைக்குச் சோறு ஊட்டுகிறவள் யார்? மலையடிவாரத்தில் கடுக்காய், வேர், பட்டை விற்கிறவர் மகள்! கணக்கு சரியாகப் போய்விட்டது.

'மருந்து வைத்துவிட்டாள்' என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ள, சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது. அதை எடுக்கவும் ஆள் உண்டு. ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து குஞ்சம்மாள் என்று ஒருத்தி வந்தாள். வீரமுத்துவின் வயிற்றில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சினாள், இருமினாள், கண்ணைச் செருகினாள். கடைசியில் உள்ளங்கையில் கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பினாள்.

"பாத்துக்கோ தாயி. மலைச்சரக்கு. வவுத்துல ஒட்டிகினு இருந்துச்சு."

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த காசியம்மாளுக்கு அவல் கிடைத்தது. உருண்டையைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலையில்தான் இந்தக் கஞ்சிக் கிண்ணச் சண்டை.

"அத்தை, சத்தியமா சொல்றேன்... கடுக்காய்த் தூளத் தவிர எங்கப்பா வூட்டுலேர்ந்து இந்த வூட்டுக்கு ஒண்ணும் வந்ததில்ல..."

"சத்தியமாவது சக்கரப் பொங்கலாவது! இன்னொரு ஊசி இருக்குதுல்ல? போடச் சொல்றேன். அவன் வாயாலயே கேக்கறேன். நீதான்னு மட்டும் சொல்லட்டும்... அப்டியே பஸ் ஏத்தி ஒங்கப்பன் வூட்டுல வுட்டுட்டு, எம்புள்ளய நான் பாத்துக்கறேன். இனி நீ அவன் கட்டிலாண்ட வரக் கூடாது!"

பஸ் ஏற்றுவேன் என்றதுகூட செவ்வந்திக்குப் பெரிதாகப் படவில்லை. கட்டிலாண்ட வரக் கூடாது என்றதுதான் நெஞ்சைப் பிடித்தது. தினமும் காலையில் முதலில் அவன் கண்கள் தேடுவது அவளைத்தான். அவள் இல்லாத அறையில் அந்தக் கண்கள் எங்கே போகும்?

கொல்லையில் மாட்டுக்குத் தட்டை நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் செல்லமுத்து வந்து நின்றான். நல்ல உயரமாக வளர்ந்த பிள்ளை, இரண்டு மாதத்தில் தோள் குறுகிப் போயிருந்தான்.

"அண்ணி... ஊசி வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன் தம்பி?"

"அண்ணன் முழிச்சா அந்த நாளுக்குத்தான் போவுது. மரத்தப் பத்தி சொல்லிடும். என்னைத் தள்ளினதச் சொல்லிடும். கோவத்துல வந்து நெஞ்சுமேல கைய வெச்சுத் தள்ளிச்சு அண்ணி. கடைசியா அண்ணன் என்னைப் பாத்த பார்வை... கண்ண மூடினா அதான் வருது."

செவ்வந்தி அரிவாளைக் கீழே வைத்தாள். இவனுக்காகத்தானே எல்லாம் சுமந்தாள்! இவன் தலையில் கை வைத்து, 'நீ போ, நான் பாத்துக்கறேன்' என்று இன்னொரு முறையும் சொல்லிவிடலாம். வார்த்தை நாக்கு வரை வந்தது.

"தம்பி... ஒனக்காக நான் எத வேணா சொல்லுவேன். ஆனா ஒங்கண்ணன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு என்னால வேண்டிக்க முடியாதுப்பா. அது மட்டும் என்னைக் கேக்காத."

அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான். முதல் முறையாக அவள் அவன் பின்னால் போகவில்லை.

வாடகை வேனில் வீரமுத்துவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நர்சிங் ஹோமில் அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அது கூரை வரைகூட எட்டாது. சுவரில் ஒரு கடிகாரம். டாக்டர் காசியம்மாளின் வேகத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"கடைசி ஊசிம்மா இது. கேள்வி கேக்கறதுக்கா போடறது?"

"போடுங்க சாமி. எம்புள்ள எனக்கு ஞாயம் சொல்லட்டும்."

பதினொன்று பத்துக்கு ஊசி ஏறியது. எல்லாருடைய கண்ணும் அந்தக் கட்டைவிரலில். செல்லமுத்து கதவோரம், எந்த நேரமும் ஓடிவிடுகிறவன் மாதிரி நின்றான். பதினொன்று பதினாலுக்கு விரல் துடித்தது. வாய் நேரானது. வீரமுத்து பெருமூச்சு விட்டான்.

காசியம்மாள் இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வீரா... அம்மாவப் பாரு. இத யார்ரா ஒனக்குக் குடுத்தது? பயப்படாத. சொல்லு!"

அவன் உருண்டையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"இன்னாம்மா இது... ஆட்டுப் புழுக்கையக் கையில வெச்சிகினு நிக்கற?"

டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசியம்மாள் உருண்டையைத் தன் முகத்துக்கு நேரே கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள். ஆனால் வீரமுத்துவின் கண்கள் அதற்குள் அவளைத் தாண்டிப் போய்விட்டன. கதவோரம் நின்றவனைத் தேடிப் பிடித்தன.

"தம்பி! ஒனக்கு... ஒனக்கு அடி கிடி படலியே?"

செல்லமுத்து கதவைப் பிடித்துக்கொண்டான்.

"மரம் ஒம்பக்கம் சாஞ்சுதுடா... நீ பாக்கல. குனிஞ்சு வெட்டிகினே இருந்த. எத்தினி தபா கூப்ட்டேன்... சத்தத்துல ஒனக்குக் கேக்கல. அதான் புடிச்சுத் தள்ளினேன். ஜோரா தள்ளிட்டேன் போல... கீழ வுழுந்தியே, முட்டி கிட்டி பேந்துச்சா? காட்டு பாப்போம்..."

அவ்வளவுதான். செல்லமுத்து அடியற்ற மரமாய்த் தரையில் விழுந்தான்.

"அண்ணா! கோவத்துல தள்ளினன்னு நெனச்சிகினு இருந்தனே... ரெண்டு மாசமா நெனச்சிகினு இருந்தனே! எம்மேல வுழ வேண்டியத நீ வாங்கிகினியா? அம்மா... நான் வெட்டின மரம்மா! அண்ணி அண்ணன எங்கியும் அனுப்பல. அவங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. என்னக் கூப்டத்தாம்மா அண்ணன் வந்துச்சு. என்னைப் போலீஸ் புடிச்சிகினு போவும்னு, நீ தாங்கமாட்டன்னு, அண்ணி எல்லாத்தையும் தம்மேல போட்டுகினாங்க. நீ பேசின பேச்சு அத்தினியும் எனக்கு வர வேண்டியது. என்னைத் திட்டும்மா... என்னை அடி!"

காசியம்மாளின் கையிலிருந்து காகிதம் நழுவியது. அவள் ஒரு கணம் பெரிய மகனைப் பார்த்தாள், ஒரு கணம் சின்ன மகனைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் போதவில்லை. தடாலென்று உட்கார்ந்து செவ்வந்தியின் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு ஓலமிட்டாள்.

"அடிப்பாவி... ஏண்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? முண்டன்னு திட்டினேனே... வெஷம் வெச்சன்னு சொன்னேனே... கஞ்சியப் புடுங்கினேனே! இந்த நாக்கு அழுவிப் போவாதா? தாயி... என் வூட்டுக்கு வெளக்கேத்த வந்தவள நான்..."

"அத்தை... எழுந்திருங்க அத்தை. பெரியவங்க நீங்க கால்ல வுழக் கூடாது..."

"எழ மாட்டேண்டி! மன்னிச்சேன்னு நீ சொல்ற வரைக்கும் எழ மாட்டேன்!"

செவ்வந்தி குனிந்து அவளைத் தூக்கப் பார்த்தாள். தூக்கிக்கொண்டே தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்திரண்டு. ஐயோ, இதென்ன கொடுமை! இத்தனை நாள் ஏங்கிய நியாயம் வாசல் தேடி வந்து காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. அவளுக்கோ அதை உதறிவிட்டு நாலடி நடந்து கட்டிலுக்குப் போனால் போதும் என்றிருக்கிறது. ஒரு பக்கம் செல்லமுத்து முந்தானையைப் பிடித்து விம்முகிறான். ஒரு பக்கம் கிழவி விடமாட்டேன் என்கிறாள். அவள் சொன்னாள், "மன்னிச்சிட்டேன் அத்தை, மன்னிச்சிட்டேன், வுடுங்க... அவரு பேசிகினு இருக்காரு..." அந்த அழுகையில் அது யார் காதில் விழும்?

ஒருவழியாக விடுவித்துக்கொண்டு அவள் கட்டிலை அடைந்தபோது பதினொன்று முப்பத்தொன்பது. வீரமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அந்தக் கண்களில் மறியல் நாள் இல்லை. எல்லாம் புரிந்த கண்கள்.

"இந்தாண்ட வா," என்றான். குரல் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருந்தது. "எல்லாம் காதுல வுழுதுடி. அம்மா திட்டறது... நீ கொல்லையில போயி அழுவறது... அத்தினியும். உள்ளேர்ந்து கத்தறேன். வெளிய வரல."

"சொல்லுங்க... இப்ப சொல்லுங்க..."

"ஒண்ணு ஒங்கிட்ட சொல்லணும்னு... தெனம் நெனச்சிகினு... செவ்வந்தி, நீ..."

வாய் கோணியது. கட்டைவிரல் மடங்கியது. அவன் கண்கள் அவளைப் பார்த்தபடியே இருக்க, குரல் மட்டும் போய்விட்டது.

அறையில் எல்லாருடைய அழுகையும் ஒரே சமயத்தில் நின்றது. அப்போதுதான் அவர்களுக்குக் கடிகாரம் தெரிந்தது.

"ஐயோ... அவ நேரத்தயெல்லாம் நாமளே தின்னுட்டோமேடா!" என்றாள் காசியம்மாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் மாறியது. மறுநாள் காலை காசியம்மாளே கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தைக் கொண்டுவந்து மருமகள் கையில் கொடுத்தாள். "நீ ஊட்டும்மா. நீ ஊட்டினாத்தான் அவன் முழுங்கறான்." குஞ்சம்மாள் மறுபடி ஊருக்குள் வந்தபோது, கையில் துடைப்பத்தோடு தெருமுனை வரை வழியனுப்பி வைத்தாள். செல்லமுத்து ஸ்டேஷனுக்குப் போய் நானே பேர் கொடுக்கிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். செவ்வந்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது அப்பறம் போவலாம். மொதல்ல டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிகினு பாண்டிச்சேரி போ. அந்த ஊசி ஒண்ணு எங்க கெடைக்குதோ பாரு. வெறுங்கையோட வந்த, அண்ணின்னு கூப்டாத!"

அவள் கேட்டது அது ஒன்றைத்தான். 'நீ' என்று தொடங்கியதன் மிச்சம். நீ நல்லவள் என்றா? நீ போய்விடு, வேறு வாழ்க்கை பார்த்துக்கொள் என்றா? நீ ஏன் பொய் சொன்னாய் என்றா? அடுப்பங்கரையிலும் கொட்டகையிலும் இப்போது 'இன்னா மணி' கேட்பதில்லை. 'செவ்வந்தி, நீ...' என்று கேட்டது. சாணி தெளிக்கும்போது கேட்டது. அரிசி களையும்போது கேட்டது. அவள் வேலையை நிறுத்திவிட்டு மிச்சத்துக்காகக் காத்திருப்பாள். மிச்சம் வராது. கிணற்றில் விழுந்தவன் உள்ளிருந்து கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு, கயிறு இல்லாமல் மேலே நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

செல்லமுத்து நாலு தடவை பாண்டிச்சேரிக்கு அலைந்தான். தை மாதம் பிறந்து ஒரு வாரத்தில், ஐஸ் டப்பா தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், ஈரத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிறவன் மாதிரி ஒரே ஓர் ஊசியைக் கொண்டுவந்து சேர்த்தான்.

இந்தத் தடவை காசியம்மாள் அறைக்குள் நுழையவே இல்லை.

"இந்த நேரம் ஒன்னுது. நாங்க யாரும் உள்ள வர மாட்டோம். எமனே வந்தாலும் வுட மாட்டேன், போ," என்று மருமகளை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, வெளியே பெஞ்சில் பலகைத் தடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, "கூப்பிட்டா வரேன்," என்று சொல்லி வெளியே போனார்.

செவ்வந்தி தலை வாரி, அவன் வாங்கிக் கொடுத்த நீலப் புடவை கட்டியிருந்தாள். அவன் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று நிமிஷம். ஐந்து நிமிஷம். கட்டைவிரல் அசையவில்லை.

"நான்தாங்க... செவ்வந்தி. யாரும் இல்ல இங்க. சொல்லுங்க. நீ-ன்னு சொன்னீங்களே... நான் இன்னா?"

பத்து நிமிஷம். வாய் கோணியபடியே இருந்தது. கண்கள் அவளைப் பார்த்தன. சும்மா பார்க்கவில்லை, எதையோ தூக்க முடியாமல் தூக்குகிறவன் கண்கள்போல அவை நடுங்கின. இருபது நிமிஷம். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்கக் கேட்க அவனுக்குத்தானே வலி?

"சரி, வேணாம். நான் பேசறேன், நீங்க கேளுங்க. செவலை மாடு கன்னு போட்டுச்சு, கெடேரி. மேல் பக்கத்து மரவள்ளி புடுங்கியாச்சு. தம்பி நல்லா பாத்துக்கறான். அத்தை என்னைத் திட்டறதே இல்ல, தெரியுமா? காது கம்முனு கெடக்குது..." சிரிக்கப் பார்த்தாள். "நீங்க சொல்ல வந்தது எதுவா இருந்தாலும் சரிங்க. நான் ஏத்துகினேன். நான் எங்கியும் போவ மாட்டேன்."

அவன் இடது கண்ணோரம் ஒரு சொட்டு நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள். ஊசியால் வந்த நீரா, தானாக வந்த நீரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

முக்கால் மணி கழித்து டாக்டர் மெல்ல உள்ளே வந்தார். விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சில நேரம் இப்படித்தாம்மா. முன்ன ரெண்டு தடவை அவர் பேசினதுகூட இந்த ஊசியாலதானான்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. இனிமே போடறதுல அர்த்தம் இல்ல."

செவ்வந்தி அவன் போர்வையைச் சரிசெய்தாள். முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

காசியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். முக்கால் மணி நேரம் அந்தப் பலகையில் சாய்ந்திருந்தவள். உள்ளே ஒரு மருந்துப் பாட்டில் உருண்டால்கூட வெளியே கேட்கிற தடுப்பு அது.

"பேசினானா?"

பெற்றவளின் அந்த முகத்தைச் செவ்வந்தி பார்த்தாள்.

"பேசினாருங்க அத்தை. நல்லா பேசினாரு. மொதல்ல உங்களத்தான் கேட்டாரு... அம்மா சாப்ட்டுச்சான்னு."

காசியம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கைகளாலும் அவள் தலையை இழுத்துத் தன் மார்பில் அழுத்திக்கொண்டாள். அந்த அணைப்பில் செவ்வந்தி நாலு மாதத்து அழுகையையும் அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே காசியம்மாள் சொன்னாள்:

"ஆமாண்டி... எனக்குங்கூட கேட்டுச்சு. எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?"